ராசாவின் பக்கம் நின்றவள்

ராசமலரின் வீட்டில் ஒரு கேத்தல் தேத்தண்ணீர் வீணாய்ப் போன நாளில்தான் அந்தக் குடும்பம் உடைந்தது என்று அவளுடைய தமையன் தவராஜா இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். கோயில் திருவிழா என்றாலும் சரி, பிறந்தநாள் விருந்து என்றாலும் சரி, டேனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் நாலு தமிழர் கூடினால் அந்தக் கதை வந்துவிடும். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஆனால் பானை ஒரே நாளில் உடைவதில்லை. எங்கோ ஒரு மயிரிழைக் கீறல் விழுந்து, அது யாருக்கும் தெரியாமல் நீண்டு, அடுப்பில் ஏறும் நாளில்தான் இரண்டாகிறது. அந்தக் கீறல் விழுந்த இடம் ராசமலருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணப் பெண்ணாக வந்து அதே நாட்டின் ஓல்போர்க் நகரில் இறங்கியவள் அவள். புருசன் கோணேஸ்வரன் தொழிற்சாலை வேலைக்காரன். அதிர்ந்து ஒரு சொல் பேசாத மனிதன். ஒரே மகள் மிதுஷா நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பனி கொட்டிய ஒரு காலையில் பஸ்ஸுக்கு நின்றவன் நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அன்றைக்கே தவராஜா ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி, சவச்சாலை, கோமூன் என்கிற நகரசபைக் கந்தோர், வங்கி எல்லாவற்றையும் அவரே பார்த்தார். ராசமலருக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை மட்டும் மிச்சமிருந்தது.

"நானிருக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்று அவர் சொன்னார்.

அவளும் யோசிக்கவில்லை. அதுதான் அவள் செய்த பிழை என்று சொல்லலாம். ஆனால் முப்பத்து மூன்று வயதில், மொழி பாதி புரிகிற ஊரில், தாலி இறங்கிய கழுத்தோடு ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவளை யார் குற்றம் சொல்ல முடியும்? முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் படித்து முடித்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, முதுகு நோக வீடு வந்து மகளுக்குச் சமைத்தாள். வீட்டைப் பார்ப்பது அவள். வீட்டை ஆள்வது அண்ணன் என்று ஆகிவிட்டது.

மிதுஷா கைப்பந்து விளையாடக் கேட்டாள். "மாமாட்டக் கேட்பம்," என்றாள் தாய். மாமா வேண்டாம் என்றார். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் காட்டு வீட்டில் இரண்டு இரவு தங்கப் போனார்கள். மாமாவிடம் கேட்டார்கள்; அவர் வேண்டாம் என்றார். கிம்னாசியத்தில், அதுதான் பல்கலைக்கழகத்துக்கு முந்திய பெரிய பள்ளிக்கூடத்தில், வருடத்துக்கு ஒருமுறை ஆட்டமும் பாட்டமுமாக விருந்து நடக்கும். அதற்கும் மாமா. ஒவ்வொரு முறையும் பிள்ளை தாயிடம்தான் வந்து கேட்டது. ஒவ்வொரு முறையும் மறுமொழி ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து தொலைபேசியில் வந்தது.

ஆனாலும் மிதுஷா தாயைக் கோபித்ததில்லை. இரவில் பக்கத்தில் வந்து படுத்து, "நீங்கள் பாவம் அம்மா. மாமாதான் இப்பிடி," என்று டேனிஷில் முணுமுணுப்பாள். ராசமலர் அவள் தலையைத் தடவிவிடுவாள். அந்தச் சொல் அவளுக்கு ஒத்தடமாக இருந்தது. அதனாலேயே அவள் அதைத் திருத்தவில்லை.

தேத்தண்ணீர் வீணாய்ப் போன அந்த வருடம்தான் கிம்னாசியம் முடிகிற வருடம். கடைசி வருடத்தில் பிள்ளைகள் தாங்களே ஒரு விஷயத்தைத் தெரிந்தெடுத்து நீண்ட கட்டுரை எழுத வேண்டும். பிறகு ஆனி மாதத்தில் பரீட்சகர் முன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டும். மிதுஷா எடுத்துக்கொண்டது அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் ஆங்கிலேய ஆட்சியை உதறிய கதை. பங்குனி முழுவதும் சாப்பாட்டு மேசை புத்தகமாகக் கிடந்தது. ராசமலர் சோற்றுக் கோப்பையை வைக்க இடம் தேடுவாள்.

"உது என்ன பிள்ளை, இவ்வளவு வாசிக்கிறாய்?"

"ஒரு சண்டை அம்மா. தாய்நாட்டுக்கும் பிள்ளைகளுக்கும்."

"ஆர் வெண்டது?"

"சாப்பாட்டை வையுங்கோ, பசிக்குது."

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவராஜா வந்தார். கூடவே தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் இருவர். மிதுஷா பள்ளி முடிந்தபின் ஒரு வருடம் படிப்பை நிறுத்தி வைக்கப் போகிறாளாம். கடையில் வேலை செய்வாளாம். ஈடா என்ற சிநேகிதியோடும் இன்னும் இரண்டு பேரோடும் சேர்ந்து வீடு எடுத்து இருப்பாளாம். டேனிஷ் பிள்ளைகளுக்கு இது பள்ளி முடித்தவர்கள் வெள்ளைத் தொப்பி போடுவது மாதிரி வழக்கமான காரியம். தவராஜாவின் காதில் அது இடி விழுந்தது மாதிரி விழுந்தது.

வரவேற்பறையில் நாலு கதிரை. அவரும் பெரியவர்களும் மூன்றில்; நாலாவதின் நுனியில் ராசமலர். ஓல்போர்க்கிலேயே பொறியியல் படிக்கட்டும், வீட்டிலிருந்தே போய் வரட்டும் என்று பேச்சு முடிகிற கட்டத்தில் தவராஜா குரல் கொடுத்தார்.

"பிள்ளை, தேத்தண்ணி கொண்டு வா."

மிதுஷா கேத்தலோடு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, என்னைப் பற்றித்தானே கதைக்கிறியள்?"

"ஓம். உன்ர நல்லதுக்குத்தான்."

"அப்ப எனக்கு ஏன் கதிரை இல்லை?"

பெரியவர்களில் ஒருவர் சிரித்தார். "கதிரை என்னத்துக்கு? நிண்டு கேட்டாலும் காதில விழும்தானே."

அவள் திரும்பிப் போனாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஏதோ கொட்டுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. கேத்தலைத் தலைகீழாகப் பிடித்தபடி திரும்பி வந்தாள். கடைசிச் சொட்டு கம்பளத்தில் விழுந்தது.

"உந்த மேசையில எனக்கொரு கதிரை போடுங்கோ. தேத்தண்ணி வரும்."

"இதென்ன பழக்கம்?"

"பொஸ்டன் பழக்கம், மாமா."

"எந்தப் பொஸ்டன்?"

"அமெரிக்காவில இருக்கு. காரில போக ஏலாது."

தவராஜாவின் முகம் கறுத்தது. ராசமலர் பதறி எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், மகள் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணனுக்கு முன்னால் கைகூப்பினாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. தகப்பனில்லாத பிள்ளை, செல்லம் குடுத்திட்டன்."

அந்தக் கூப்பிய கைகளை மிதுஷா பார்த்தாள். கேத்தலை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ராசமலர் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மிதுஷா எதிரே வந்து உட்கார்ந்து ஒரு துவாயை எடுத்துத் தானும் மடிக்கத் தொடங்கினாள். இம்முறை அவள் டேனிஷைத் தொடவில்லை. சொல்ல வேண்டியதைத் தமிழில் பாடமாக்கி வந்திருக்கிறாள் என்பது தாய்க்கு உடனே விளங்கியது.

"அம்மா, இது கடைசித் தரம் கேக்கிறன். மாமாட்ட இல்லை. உங்களிட்ட. ஒரு வருஷம்தான். ஞாயிறுக்கு ஞாயிறு வருவன். பிழையா ஒண்டும் செய்ய மாட்டன். நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்."

ராசமலரின் நெஞ்சு உருகியது. ஓம் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பத்து வருடமாகப் பழகிய வாய் வேறொன்றைச் சொன்னது.

"மாமா கோவிப்பாரெல்லோ பிள்ளை."

"மாமாவை விடுங்கோ. உங்கட விருப்பம் என்ன?"

இனிப் பேச்சு வளரக்கூடாது, இதோடு முடியட்டும் என்று நினைத்து அவள் சொன்னாள்: "என்ர விருப்பமும் அதுதான்."

மிதுஷா துவாயை மடித்து முடித்தாள். மற்றத் துவாய்களோடு ஓரம் பார்த்து அடுக்கினாள். அடுத்த நாள் இரண்டு பைகளோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தவராஜா தொலைபேசியில் சிரித்தார். "எங்க போறது? பசிச்சால் வருவாள். நீ எடுத்துக் கதைக்காதை. இறங்கினாயெண்டால் பிறகு ஏற ஏலாது. அவளின்ர போன் உன்ர பேரிலதானே? அதை வெட்டிவிடு. ரெண்டு நாளில வாசலில நிப்பாள்."

ராசமலர் வெட்டினாள். தன் கையாலேயே வெட்டினாள். இரண்டு நாள் போனது, ஒரு கிழமை போனது. மிதுஷா வேறு இலக்கம் எடுத்திருப்பாள். அந்த இலக்கம் தாயிடம் இல்லை. ஈடாவின் வீடு எந்தத் தெரு என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. பிள்ளையைக் கூப்பிட இருந்த ஒரே வழியை அவளே அடைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு மயானம் மாதிரிக் கிடந்தது. ஒருத்திக்கு மட்டும் சோறு ஆக்கத் தெரியாமல் இரண்டு பேருக்கு ஆக்கி மிச்சத்தைக் கொட்டினாள். அந்த நாட்களில்தான் மேசையில் மகள் விட்டுப்போன அந்தச் சரித்திரப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. ஓரமெல்லாம் பென்சில் கோடு. பிள்ளை எதை வாசித்தாளோ அதை வாசித்தால் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி என்று ஏதோ ஒரு பித்து. முதியோர் இல்லத்துக் குறிப்புகளை வாசித்து எழுதப் பழகிய டேனிஷ் அதற்குப் போதவில்லை. சொல்லுக்குச் சொல் கைத்தொலைபேசியில் அர்த்தம் பார்த்து, இடைவேளை நேரத்தில் தேநீர் அறையில் இருந்து ஊர்ந்து ஊர்ந்து வாசித்தாள்.

வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலேய ராசாவின் பக்கம் சாய்ந்தாள்.

கூட வேலை செய்கிற நிரஞ்சலா மட்டக்களப்புக்காரி. வாய் துடுக்கு. கதை கேட்கிற ஆசையில் ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்தில் உட்காருவாள்.

"அக்கா, இண்டைக்கு ராசா என்ன செய்தவர்?"

"பாவமடி அந்த மனிசன். அங்க போய்க் குடியிருந்த சனத்தைக் காப்பாற்ற வேண்டித்தானே பிரெஞ்சுக்காரனோட வருஷக்கணக்காச் சண்டை பிடிச்சவை. செலவழிஞ்சதில கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்டால் குற்றமோ? கடுதாசிக்கு வரி போட்டினம். சனம் குழப்பம் செய்ய அதை எடுத்தும் போட்டினம்."

"நல்ல மனிசன் போல கிடக்கு."

"நல்லவர்தான். பக்கத்தில நிண்டு ஓதுறவைதான் சரியில்லை."

நிரஞ்சலா கோப்பையைக் கழுவினாள். "உங்களுக்குப் பக்கத்திலயும் ஒராள் நிண்டு ஓதுறார்தானே அக்கா," என்றாள் திரும்பிப் பாராமல்.

அடுத்த அத்தியாயத்தில் தேயிலை வந்தது. வரியோடு வந்த தேயிலைப் பெட்டிகளைச் சனங்கள் கப்பலேறி உடைத்துப் பொஸ்டன் துறைமுகத் தண்ணீரில் கொட்டினார்களாம். தங்களுக்கு ஓர் ஆசனம் இல்லாத பாராளுமன்றம் தங்களுக்கு வரி போடக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கு. அந்த இடத்தில் மிதுஷா பென்சிலால் ஒரு சின்னக் கதிரை கீறி வைத்திருந்தாள். ராசமலர் அந்தக் கதிரையை விரலால் தொட்டபடி வெகுநேரம் இருந்தாள்.

அதற்குத் தண்டனையாக ஆங்கிலேயர் அந்தத் துறைமுகத்தையே பூட்டினார்கள். ஒரு கப்பல் உள்ளே போகாது, ஒரு கப்பல் வெளியே வராது. பட்டினி கிடந்தால் பணிவார்கள் என்று நினைத்தார்கள். பணியவில்லை. தனித்தனியாய்க் கிடந்த மற்றக் குடியேற்றங்களும் பொஸ்டனுக்கு அரிசியும் ஆடும் அனுப்பி ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன. ராசமலர் புத்தகத்தை மூடினாள். தொலைபேசியை வெட்டிய விரலைப் பார்த்தாள்.

அப்புறம் சண்டை. பிரகடனம். ராசா செய்த குற்றங்களை ஒன்றொன்றாக அடுக்கி, இனி உமக்கும் எமக்கும் உறவில்லை என்று அறிவித்த பிரகடனம். 'அவர் செய்தார், அவர் மறுத்தார், அவர் தடுத்தார்' என்று வரிக்கு வரி. அதை அவளால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

பிறகு ஒரு பக்கத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சண்டை தொடங்கி மூன்றாம் வருடம், ஆங்கிலேயர் கடல் கடந்து தூதுவர்களை அனுப்பினார்களாம். தேயிலை வரி இல்லை, இனி எந்த வரியும் உங்களைக் கேளாமல் இல்லை, முதலில் நீங்கள் கேட்டதெல்லாம் தருகிறோம், திரும்பி வாருங்கள் என்று.

"பிறகென்ன? குடுத்திட்டாரெல்லோ," என்றாள் நிரஞ்சலா.

"அவையள் வரேல்லை."

"ஏனாம்?"

ராசமலர் நாள் முழுக்க அதை யோசித்தாள். சாயங்காலம் உடுப்பு மாற்றும்போது அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. "ராசா தான் போகேல்லையடி. ஆக்களை அனுப்பினவர். பட்டாளமும் அங்கதான் நிண்டது. எந்தப் பிள்ளை நம்பும்? தானே கப்பலேறிப் போய், கண்ணுக்கு முன்னால நிண்டு, 'எல்லாம் தாறன், வாங்கோ' எண்டு கேட்டிருந்தால் கல்லும் கரைஞ்சிருக்கும்."

"ராசாவுக்குப் புத்தி சொல்லப் போறியளோ?"

"இல்லை. நான் போகப்போறன்."

நிரஞ்சலாவின் மகள் மேரிகிறேஸ் அதே கிம்னாசியத்தில் ஒரு வகுப்புக் கீழே படிக்கிறாள். மிதுஷாவின் பரீட்சை எந்த நாள், எந்த அறை என்று அவள் அறிந்து சொன்னாள். வாய்மொழிப் பரீட்சைக்கு யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாமாம்; வீட்டார் பூவும் கொடியுமாக வாசலில் நிற்பார்களாம்; வெளியே வந்ததும் பள்ளி முடித்ததன் அடையாளமான வெள்ளைத் தொப்பியைத் தாயோ தகப்பனோ தலையில் வைப்பார்களாம்.

ராசமலர் சேலை உடுத்திக்கொண்டு போனாள். ஓல்போர்க்கின் ஆனி வெயிலில், பஸ்ஸில், மடியில் ரோசாக் கொத்தோடு, அவள் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, நீ விரும்பினபடி. சிநேகிதர் வீட்டுக்கு வரலாம். மாமாவின் பேச்சு இனி எங்கள் வீட்டில் இல்லை. வா. எல்லாவற்றையும் கொடுத்துவிடத் தீர்மானித்தபின் அவளுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு பசித்தது.

அறைக்குள் ஓர் ஆசிரியரும், வெளியூரிலிருந்து வந்த நரைத்த தலைப் பெண் பரீட்சகரும் இருந்தார்கள். மிதுஷா தாயைக் கண்டதும் ஒரு கணம் அசையாமல் நின்றாள். மெலிந்திருந்தாள். ஆசிரியர் அவளைக் கேட்டார்: "உன் அம்மா இருந்து கேட்கலாமா?" அவள் தலையசைத்தாள். ராசமலர் சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தாள்.

மகள் பேசத் தொடங்கினாள். வீட்டில் அரைச் சொல்லும் கால் சொல்லுமாக முணுமுணுக்கிற பிள்ளை, இங்கே நிமிர்ந்து நின்று, ஆற்றொழுக்காய்ப் பேசிய டேனிஷைத் தாய் வாய் பிளந்து கேட்டாள். வரியும் தேயிலையும் துறைமுகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் அவளுக்கும் விளங்கியது. விளங்குகிறது என்ற பெருமையில் முகம் மலர்ந்திருந்தாள்.

பரீட்சகர் கேட்டார்: "தொடக்கத்திலேயே பிரிந்துபோகத்தான் நினைத்தார்களா?"

"இல்லை. அவர்கள் மன்னரை நேசித்தார்கள். பிழை செய்வது பாராளுமன்றமும் மந்திரிகளும்தான், மன்னருக்குத் தெரிந்தால் தடுத்துவிடுவார் என்று நம்பினார்கள். சண்டை தொடங்கிய பிறகும் கடைசியாக ஒருமுறை அவருக்கே விண்ணப்பம் அனுப்பினார்கள். அவர் அதைக் கையில் வாங்கவும் இல்லை."

"அப்படியானால் முறிவு எங்கே நடந்தது? தேயிலையிலா?"

"தேயிலையில் இல்லை. அது கோபம் மட்டும்தான். மன்னருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய விருப்பமும் அதுதான் என்று தெரிந்த நாளில் முறிந்தது."

ராசமலரின் கையிலிருந்த ரோசாக்கொத்தின் கடதாசி சரசரத்தது. ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிறகு கேட்டதெல்லாம் தருவதாகத் தூது வந்ததே. ஏன் மறுத்தார்கள்?"

"காலம் கடந்துவிட்டது. பிரான்சும் அவர்களோடு சேர்ந்துவிட்டது."

"அது அரசியல் காரணம்." பரீட்சகர் புன்னகைத்தார். "தூதர்களை அனுப்பாமல் மன்னரே கப்பலேறி வந்து கேட்டிருந்தால்? சரித்திரத்தில் இல்லாத கேள்விதான். நீ என்ன நினைக்கிறாய்?"

மிதுஷா சன்னலைப் பார்த்தாள். பிறகு, பேசத் தொடங்கியபின் முதல் தடவையாக, சுவரோரக் கதிரையைப் பார்த்தாள்.

"வந்திருந்தால் அழுதிருப்பார்கள்," என்றாள். "கட்டிப் பிடித்திருப்பார்கள். ஆனால் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். தருகிறேன் என்கிறவர் கையில் திரும்பப் பறிக்கிற அதிகாரமும் இருக்கிறது. அதற்குள் அவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தீர்மானிக்கப் பழகிவிட்டார்கள். அதை இன்னொருவர் தரத் தேவையில்லை."

அவளுக்கு அதி உயர்ந்த புள்ளி கிடைத்தது. தாழ்வாரத்தில் ஈடாவும் சிநேகிதரும் சின்னக் கொடிகளை ஆட்டிப் பாடினார்கள். ஈடாவின் தாய் வெள்ளைத் தொப்பியோடு நின்றாள். சேலை உடுத்தவளைக் கண்டதும் அந்தப் பெண் தயங்காமல் தொப்பியை அவளிடம் நீட்டினாள். "நீங்கள் அல்லவா அம்மா, நீங்கள் வையுங்கள்," என்றாள். அந்த நல்ல குணம் ராசமலரைக் குத்தியது. தன் பிள்ளையின் தொப்பியை இன்னொருத்தி பத்திரமாய் வைத்திருந்து, தனக்கே பிச்சையிடுகிறாளே. மிதுஷா தலையைக் குனிந்தாள். தாய் தொப்பியை வைத்தாள். அது சரிந்து நின்றது. நேராக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பாட்டு ஓய்ந்ததும் மகளைச் சன்னலோரம் கூட்டிப் போனாள். உள்ளே கேட்டதெல்லாம் காதில் இருந்தது. இருந்தும் கேட்டாள். தாய் அல்லவா.

"பிள்ளை, நான் எல்லாத்துக்கும் ஓம். நீ கேட்டதுக்கு எல்லாத்துக்கும். மாமாட்ட ஒண்டும் கேக்க மாட்டன். வீட்ட வா."

மிதுஷாவின் முகம் கோணியது. அழுதாள். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சின்ன வயதில் அழுததுபோல் விக்கி விக்கி அழுதாள். ராசமலர் அவள் முதுகைத் தடவியபடி கண்ணை மூடிக்கொண்டாள். அறைக்குள் மகள் சொன்ன ஒழுங்கு ஒன்றுகூடப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, கோவமில்லை. உண்மையா இல்லை," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா நான் வர மாட்டன். இருக்க வர மாட்டன். பார்க்க வருவன்."

"ஞாயிறுக்கு ஞாயிறோ?"

"தெரியாது அம்மா. நேரம் கிடைக்கேக்க. மெசேச் போட்டிட்டு வாறன்."

"கிழமை முடிவில வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் லொறியில வீடு வீடாப் போவியளாமே. ஒவ்வொரு தாய் தகப்பனும் சாப்பாடு குடுப்பினமாம். எங்கட வீட்டுக்கும் வருமெல்லோ? நான் ரோல்ஸ் சுட்டு வைக்கிறன். எல்லாருக்கும் காணக்கூடியதா."

மிதுஷா கண்ணைத் துடைத்தாள். "எங்கட வீட்டுக்குத்தான் அம்மா லொறி வரும். ஈடாவும் நானும் இருக்கிற வீட்டுக்கு. பீட்சாவுக்குச் சொல்லியாச்சு. நீங்கள் விரும்பினால் வாங்கோ."

விரும்பினால். அந்நியருக்குச் சொல்கிற மரியாதை அந்தச் சொல்லில் இருந்தது. அது கோபமாக இருந்திருந்தால்கூட ராசமலர் தாங்கியிருப்பாள். மகள் புதிய இலக்கத்தைத் தாயின் கைத்தொலைபேசியில் தானே பதிந்து கொடுத்தாள். சிநேகிதர் கூப்பிட்டார்கள். அவள் போனாள்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் ராசமலர் கட்டிலில் இருந்தபோது தவராஜா எடுத்தார். பரீட்சைக்குப் போன செய்தி ஹொல்ஸ்டெப்ரோவுக்கு எப்படியோ பறந்துவிட்டது.

"ஏன் போனனீ? இறங்காதை எண்டு சொன்னன். இனி அவள் தலையில ஏறி இருப்பாள். சரி, நான் ஞாயிற்றுக்கிழமை வந்து கதைக்கிறன்."

"வர வேண்டாம் அண்ணை," என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே புதுமையாக இருந்தது. "எங்கட வீட்டு விசயத்தில நீங்கள் இனிக் கதைக்கத் தேவையில்லை."

பத்து வருடத்தில் அவள் அவரை மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சித்திரை மாதத்தில், நாலு கதிரைக்கு நடுவில், இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை இன்றைக்கு இந்த வீட்டில் தொப்பியோடு நடந்து திரிந்திருக்கும்.

தவராஜா மெல்லச் சிரித்தார். கொடுமைக்காகச் சிரிக்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

"எங்கட வீடு, எங்கட வீடு எண்டுறாய். இப்ப ஆரடி இருக்கினம் அங்க?"

அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். இனி அவளைக் கேள்வி கேட்க யாருமில்லை. எழுந்தால் எழலாம், படுத்தால் படுக்கலாம், யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. ஆனி மாதத்து வெளிச்சம் இரவாகியும் போகாமல் சன்னலில் நின்றது. கொஞ்சம் இருட்டினால் தூங்கிவிடலாம் என்று நினைத்து, ராசமலர் சேலையோடு உட்கார்ந்து இருட்டுக்காகக் காத்திருந்தாள்.